கடைசி ஜேம்ஸ் பாண்ட் நாவல்: வாசகர்கள் ஏன் நம்ப மறுத்தார்கள்?

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க வருஷக்கணக்கா விடாம பார்த்த ஒரு சீரிஸ், இல்ல விடாம படிச்ச ஒரு நாவல் வரிசை, கடைசி பாகத்துல வந்து சொதப்பியிருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு நாள் காத்திருந்தோம்"னு யாருக்காவது மெசேஜ் தட்டியிருக்கீங்களா? அந்த எரிச்சல்ல உங்களுக்கு இன்னொண்ணும் தோணியிருக்கலாம்: "இதை அவர் எழுதியிருக்கவே மாட்டாரு. வேற யாரோ எழுதியிருக்காங்க."

1965-ல் உலகத்திலேயே மிகப் பிரபலமான உளவாளிக் கதை வரிசையின் வாசகர்களுக்கு இதே சந்தேகம் வந்தது. ஜேம்ஸ் பாண்ட் நாவல்களில் கடைசியாக வந்த 'த மேன் வித் த கோல்டன் கன்' அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி லண்டனில் வெளியானது. எழுதிய இயன் ஃப்ளெமிங் அதற்கு ஏழு மாதத்துக்கும் மேல் முன்னாடியே இறந்துபோயிருந்தார். படித்தவர்களில் நிறைய பேருக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. பிடிக்காதது மட்டுமில்ல, சிலர் அது அவர் முடித்த புத்தகம் என்பதையே நம்பவில்லை.

அந்தப் புத்தகம் ஏன் அப்படி வந்தது, வாசகர்கள் ஏன் நம்ப மறுத்தார்கள், இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் இன்றைய கதை. கதை முடிவில் பழி யார் மேல போகுதுன்னு பார்த்தா, கொஞ்சம் நம்ம பக்கமும் வரும்.

கடிதம் எழுதிய வாசகர்கள்

முதல்ல பின்னாடி போவோம். இரண்டாம் உலகப் போரில் ஃப்ளெமிங் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் வேலை பார்த்தார். துறைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரேயின் உதவியாளர். போர் முடிந்த பிறகு லண்டனில் பத்திரிகை வேலை. கூடவே ஜமைக்கா தீவின் வடக்குக் கரையில் 'கோல்டன் ஐ' என்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ஒரு சலுகை இருந்தது: ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் இரண்டு மாதம் லீவு. அந்த லீவுக்கு நேராக ஜமைக்கா.

1952 தொடக்கத்தில், கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, அங்கே உட்கார்ந்து 'கேசினோ ராயல்' எழுதினார். கதாநாயகனுக்குப் பெயர் வேண்டியிருந்தது. அவர் வீட்டில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றிய புத்தகத்தை எழுதியவர் பெயர் ஜேம்ஸ் பாண்ட். சாதாரணமாக, சப்பையாக இருக்கும் ஒரு பெயரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டார்.

1953 ஏப்ரலில் புத்தகம் வந்தது. முதல் அச்சு 4,728 பிரதிகள். அன்றிலிருந்து அது ஒரு வருடாந்திரச் சடங்கு ஆகிவிட்டது. ஜனவரியில் ஜமைக்கா, காலையில் சுமார் இரண்டாயிரம் வார்த்தை, மார்ச்சில் முதல் பிரதியோடு லண்டன். அடுத்த வருஷம் வசந்தத்தில் புத்தகம் கடைக்கு வரும். அதற்குள் அவர் அடுத்ததை எழுதி முடித்திருப்பார். பன்னிரண்டு வருஷம் இந்தச் சக்கரம் நிற்காமல் ஓடியது.

புத்தகம் கூடக்கூட கடிதங்களும் வர ஆரம்பித்தன. அதில் ரொம்பப் பிரபலமானது 1956 மே மாதம் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி பூத்ராய்ட், துப்பாக்கிகள் பற்றி நன்றாகத் தெரிந்தவர். அவர் புகார் இதுதான்: கதை எல்லாம் சரி, ஆனால் பாண்ட் கையில் கொடுத்திருக்கிற .25 பெரெட்டா இருக்கே, அது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் வகை. அதை வைத்துக்கொண்டு ஒரு உளவாளி உயிரோடு திரும்ப முடியாது.

வேறு எழுத்தாளராக இருந்தால் ஒரு நன்றி அட்டையோடு முடித்திருப்பார். ஃப்ளெமிங் பதில் எழுதி, ஆலோசனை கேட்டு, அடுத்து எழுதிய 'டாக்டர் நோ'வில் (1958) பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு பாண்டுக்கு வால்த்தர் பிபிகே கொடுத்தார். அதைக் கொடுக்கிற ஆயுத நிபுணருக்கு அவர் வைத்த பெயர் மேஜர் பூத்ராய்ட். சினிமாவில் நமக்கு 'க்யூ' என்று தெரிந்த அந்தக் கிழவர் இருக்காரே, அவருடைய நிஜப் பெயர் அதுதான். ஒரு வாசகர் கடிதத்திலிருந்து பிறந்த பாத்திரம்.

அதிலும் ஒரு தமாஷ். பூத்ராய்ட் சிபாரிசு செய்த துப்பாக்கி உறை ரிவால்வருக்கானது. ஃப்ளெமிங் அதை பிபிகே பிஸ்டலுக்கு மாட்டிவிட்டார். மறுபடி திருத்தம் வந்தது.

இப்படி நிறைய. ஒரு குறிப்பிட்ட வாசனைத் திரவியம் தியோர் கம்பெனியுடையது இல்லை, பால்மேன் கம்பெனியுடையது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஹைட்ராலிக் பிரேக் கிடையாது, வேக்யூம் பிரேக்தான். அஸ்பாரகஸுக்கு நீங்கள் சொன்ன சாஸ் போடமாட்டார்கள். இந்தத் திருத்தங்களை எல்லாம் ஃப்ளெமிங்கே பின்னாளில் ஒரு கட்டுரையில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

இதை இன்னைக்குப் பார்த்தால் வேடிக்கையா இருக்கு. ஆனா கவனிங்க. பாண்ட் என்பவர் ஒரு ஆள் மட்டும் சேர்ந்து செய்த பொருளாக இல்லை. என்ன துப்பாக்கி, என்ன உறை, என்ன சாஸ் என்பதில் வாசகருக்கும் பங்கு உண்டு என்று ஒரு உரிமை உருவாகிவிட்டது. உரிமை வந்தால் எதிர்பார்ப்பும் வரும்.

முதல் "கடைசி"

1956 வாக்கில் ஃப்ளெமிங்குக்கு அலுப்பு தட்டிவிட்டது. நண்பரும் அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளருமான ரேமண்ட் சாண்ட்லருக்கு எழுதிய கடிதத்தில், பாண்ட் மேல் தனக்கு ஆர்வம் வற்றிக்கொண்டு வருகிறது என்ற தொனியில் புலம்பியிருக்கிறார். அடுத்து வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1957) அந்த மனநிலையோடுதான் முடிகிறது. ரோஸா க்ளெப் என்ற சோவியத் உளவாளி ஷூவில் மறைத்து வைத்த விஷக் கத்தியால் உதைக்கிறாள். பாண்ட் தரையில் சரிகிறார். புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. செத்தாரா, பிழைத்தாரா? சொல்லவில்லை.

ஆங்கில வாசகர்களுக்கு இது புதிதில்லை. 1893-ல் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது, கதை வந்த 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையின் சந்தாவை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து டாயில் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஃப்ளெமிங்குக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. பாண்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அடுத்த வருஷமே 'டாக்டர் நோ'. அதன் தொடக்கத்தில் ஒரு டாக்டர் விளக்கம் கொடுக்கிறார்: அது ஜப்பானில் சாப்பிடும் ஃபுகு மீனின் விஷம், சரியான நேரத்தில் ஒருவர் செயற்கை சுவாசம் கொடுத்ததால் ஆள் பிழைத்தார். பாண்ட் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நோட் பண்ணிக்கங்க. முதல் தடவை கதவைச் சாத்தப் பார்த்தபோதே அது சாத்தவில்லை.

வாசகர்கள் திருப்பி அனுப்பிய புத்தகம்

1961-ல் ரெண்டு விஷயம் நடந்தது. மார்ச்சில் 'லைஃப்' பத்திரிகை, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' இருந்தது. அதுவரை அமெரிக்காவில் சுமாராக ஓடிக்கொண்டிருந்த பாண்ட் புத்தகங்கள் அதற்குப் பிறகு வேகமெடுத்தன. அடுத்த மாதம் ஃப்ளெமிங்குக்கு மாரடைப்பு. வயது 52.

அடுத்த வருஷம் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஒரு இளம்பெண் சொல்வதுபோல எழுதிய 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' என்ற நாவலை வெளியிட்டார். கதைசொல்லி விவியன் மிஷெல். பாண்ட் புத்தகத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வருகிறார். இளைஞர்கள் பாண்டை ஒரு வழிபாட்டுப் பொருளாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவரை வேறு ஒரு கண் வழியாகக் காட்டவேண்டும் என்பது தன் நோக்கம் என்று அவர் பதிப்பாளருக்கு விளக்கினார்.

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரசிகர்களுக்கும் ஏமாற்றம். ஃப்ளெமிங் ஒரேயடியாகப் பின்வாங்கினார். மறுபதிப்பு வேண்டாம், பேப்பர்பேக் வேண்டாம் என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டார். அவர் உயிரோடு இருந்தவரை பிரிட்டனில் அதன் பேப்பர்பேக் வரவில்லை. சினிமாவுக்கும் தலைப்பை மட்டும்தான் கொடுத்தார். 1977-ல் வந்த அந்தப் பெயர் கொண்ட படத்துக்கும் நாவலுக்கும் சம்பந்தமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அது நல்ல நாவல் என்று நான் வாதாட வரல. அதில் பெண்களைப் பற்றி இருக்கிற சில வரிகளை இன்னைக்குப் படித்தால் கோபம்தான் வரும். ஆனா எழுத்தாளருக்குக் கிடைத்த பாடம் தெளிவானது: எங்களுக்கு அதே பாண்ட் வேண்டும், வழக்கமான நேரத்தில், வழக்கமான மாதிரி. 1962 அக்டோபரில் ஷான் கானரி நடித்த 'டாக்டர் நோ' படம் வந்ததும் அந்தக் குரல் இன்னும் பலமாகிவிட்டது. 1963-ல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' நாவலுக்கு முன்கூட்டியே வந்த ஆர்டர் 42,000. அடுத்த வருஷத்துப் புத்தகத்துக்கு 62,000.

அந்த அடுத்த வருஷத்துப் புத்தகம், 'யு ஒன்லி லிவ் ட்வைஸ்', நம்ம கதைக்கு முக்கியம். முந்தைய நாவலின் கடைசிப் பக்கத்தில் பாண்டின் மனைவி ட்ரேசி கல்யாணமான அன்றே கொல்லப்படுகிறாள். இதில் பாண்ட் உடைந்துபோன மனிதர். குடிக்கிறார், வேலையில் தப்பு செய்கிறார். ஜப்பானுக்குப் போய், மனைவியைக் கொன்ற ப்ளோஃபெல்டைக் கொல்கிறார். அதில் அடிபட்டு நினைவை இழக்கிறார். லண்டனில் அவர் இறந்துவிட்டதாக முடிவுசெய்து, மேலதிகாரி எம் செய்தித்தாளில் இரங்கல் குறிப்பே எழுதிவிடுகிறார். பாண்டோ தான் யார் என்று தெரியாமல் ஒரு சின்னத் தீவில் மீனவராக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

இரங்கல் குறிப்பு வந்தாச்சு, பழி வாங்கியாச்சு, ஆள் அமைதியா மீன் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. ஒரு வரிசை முடிவதற்கு இதைவிட நல்ல இடம் இருக்கா? ஆனா ஃப்ளெமிங் அங்கே நிறுத்தவில்லை. ஒரு கிழிந்த தாளில் விளாடிவாஸ்டாக் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்து, ஏதோ மனதை உறுத்த, பாண்ட் ரஷ்யாவுக்குக் கிளம்புகிறார். அடுத்த ஜனவரிக்கு ஒரு வாசல் திறந்து வைத்தாயிற்று.

தினம் ஒரு மணி நேரம்

1964 ஜனவரி. கோல்டன் ஐ வீடு. அதற்கு முந்தைய மாதங்களில் 'தண்டர்பால்' கதையின் உரிமை தொடர்பாக ஒரு வழக்கில் கோர்ட்டுக்கு அலைந்து, பாதியில் சமரசம் செய்துகொண்டு வந்திருந்தார். இதயம் மோசமாக இருந்தது. முன்பு தினமும் இரண்டாயிரம் வார்த்தை எழுதியவரால் இப்போது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வேலை செய்ய முடிந்தது.

இருந்தும் மார்ச் தொடக்கத்தில் முதல் பிரதியை முடித்துவிட்டார். லண்டன் திரும்பியதும், முதல் நாவலிலிருந்தே தன் பிரதிகளைப் படித்துத் திருத்திவந்த வில்லியம் ப்ளோமருக்கு எழுதினார். இதில் நிறைய மாற்றி எழுத வேண்டியிருக்கிறது என்றார். நாளாக ஆக அவருக்கே புத்தகம் பிடிக்காமல் போனது. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா, அடுத்த வசந்தத்தில் ஜமைக்காவில் மறுபடி உட்கார்ந்து சரிசெய்யலாமா என்று யோசித்தார். ப்ளோமர், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வெளியிடக்கூடியதுதான் என்று தைரியம் சொன்னார்.

ப்ளோமர் மேல் தப்பு சொல்ல முடியாது. நோயாளி நண்பருக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 12 அதிகாலை, மாரடைப்பில் ஃப்ளெமிங் இறந்தார். வயது 56. அன்று அவருடைய ஒரே மகனின் பன்னிரண்டாவது பிறந்தநாள். அடுத்த மாதம் 'கோல்ட்ஃபிங்கர்' படம் வெளியாகி, பாண்ட் மோகம் உச்சத்துக்குப் போனது. தன் பாத்திரம் அந்த அளவுக்குப் போவதை அவர் பார்க்கவில்லை. அந்த அலையின் நடுவில்தான், அவர் திருத்த நினைத்துத் திருத்தாமல் விட்ட புத்தகம் கடைக்கு வந்தது.

வாசகர்கள் என்ன பார்த்தார்கள்?

இப்ப 1965 ஏப்ரலில் அந்தப் புத்தகத்தை வாங்கிய ஒருவரை நினைச்சுப் பாருங்க. போன வருஷம் பாண்டை ரஷ்யாவுக்குக் கிளம்பும்போது விட்டவர். தியேட்டரில் கானரியைப் பார்த்துவிட்டு வந்தவர். கையில் இருக்கிறது எழுத்தாளரின் கடைசிப் புத்தகம்.

தொடக்கம் அவரை அசத்தும். காணாமல் போன பாண்ட் லண்டனுக்குத் திரும்பி வருகிறார். நேராக எம்-இன் அறைக்குப் போய், சயனைடு பீய்ச்சும் துப்பாக்கியால் அவரையே கொல்லப் பார்க்கிறார். சோவியத்காரர்கள் மூளைச்சலவை செய்து அனுப்பியிருக்கிறார்கள். மேற்கூரையிலிருந்து ஒரு கண்ணாடித் தடுப்பு சடாரென இறங்கி எம்-ஐக் காப்பாற்றுகிறது. இந்த வரிசையிலேயே மிகத் துணிச்சலான காட்சிகளில் இது ஒன்று.

அதற்குப் பிறகு காற்று இறங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் மின் அதிர்ச்சி கொடுத்து பாண்டைச் சரிசெய்கிறார்கள். விசுவாசத்தை நிரூபிக்க ஒரு வேலை: ஜமைக்கா போய், தங்கத் துப்பாக்கி வைத்திருக்கும் கூலிக் கொலைகாரன் ஸ்கராமாங்காவைக் கொல்ல வேண்டும். ஸ்கராமாங்காவோ அப்போதுதான் பார்த்த ஒரு அந்நியனை, அதாவது பாண்டை, தன் பாதுகாப்புக்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறான். ஏன்? காரணம் வலுவாக இல்லை. அவனுடைய பின்மண்டையைப் பார்த்தபடி காரில் போகிற பாண்ட் அங்கேயே சுட்டிருக்கலாம். சுடவில்லை. வில்லனுக்குப் பெரிய திட்டம் இல்லை. பழைய புத்தகங்களில் சாப்பாடு, கார், சீட்டாட்டம் என்று பக்கம் பக்கமாக வரும் விவரங்கள் இதில் மெலிந்துபோயிருக்கின்றன. உறை தப்பு, சாஸ் தப்பு என்று கடிதம் எழுதிய வாசகருக்கு, இதில் தப்பு கண்டுபிடிக்கக்கூட அதிகம் இல்லை.

விமர்சகர்களில் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இறந்தவரின் புத்தகம், என்ன செய்வது. ஆனால் நாவலாசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. அவர் பாண்ட் எதிர்ப்பாளர் இல்லை. அதே வருஷம் பாண்ட் நாவல்களைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஆராயும் ஒரு முழுப் புத்தகத்தையே வெளியிட்டவர். அப்படி ஒரு ரசிகருக்கே இது வெறுமையான கதையாகப் பட்டது.

இன்னொரு பக்கம் காலமும் மாறியிருந்தது. லென் டைட்டனின் 'த இப்க்ரெஸ் ஃபைல்' 1962-ல் வந்தது. ஜான் லெ கரேயின் 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' 1963-ல். அவற்றில் உளவாளி என்பவன் சம்பளமும் சலிப்பும் உள்ள ஒரு ஊழியன். சொந்த ஆட்களாலேயே பலிகொடுக்கப்படக்கூடியவன். அதைப் படித்துவிட்டு வந்தவருக்குத் தங்கத் துப்பாக்கி கொஞ்சம் பழையதாகத்தான் தெரிந்திருக்கும்.

"இதை வேற யாரோ எழுதியிருக்காங்க"

இப்ப அந்த வதந்திக்கு வருவோம். ஃப்ளெமிங் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், மீதியை கிங்ஸ்லி ஏமிஸ் எழுதி முடித்தார் என்று ஒரு பேச்சு கிளம்பி, பல வருஷம் சுற்றியது.

இது காற்றிலிருந்து வரவில்லை. ஒரு சின்ன நெருப்பு இருந்தது. பதிப்பகம் வெளியிடும் முன்பு அந்தப் பிரதியை ஏமிஸிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டது. அவரும் ஆலோசனைகள் சொன்னார். பதிப்பகம் அவற்றை ஏற்கவில்லை. 1968-ல் ஏமிஸ் ராபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் 'கர்னல் சன்' என்ற புதிய பாண்ட் நாவலை எழுதியதும், பார்த்தீங்களா, அப்பவே சொன்னோமே என்று பழைய பேச்சுக்கு உயிர் வந்தது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ஸ்கராமாங்கா ஏன் ஒரு அந்நியனை வேலைக்கு வைக்கிறான் என்ற ஓட்டையைச் சத்தமாகச் சுட்டிக்காட்டியவரே ஏமிஸ்தான். பேனா அவர் கையில் இருந்திருந்தால், முதலில் அடைத்திருக்கக்கூடிய ஓட்டை அது. முழுக் கதையும் முன் மார்ச்சிலேயே ஃப்ளெமிங் முடித்ததுதான்.

அப்புறம் ஏன் அந்த வதந்தி அவ்வளவு வசதியாக இருந்தது? எனக்குப் படுவது இது. "வேற யாரோ எழுதினாங்க" என்றால் நமக்குப் பிடித்த எழுத்தாளர் கடைசிவரை பழைய சக்தியோடுதான் இருந்தார் என்று ஆகிவிடும். "அவர்தான் எழுதினார்" என்றால், மூச்சு வாங்க வாங்க, நாளுக்கு ஒரு மணி நேரம், பிடிக்காமலேயே, நமக்காக ஒரு மனிதர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை ஏற்கவேண்டும். முதலாவது வதந்தி. இரண்டாவதுதான் நடந்தது. வதந்தியை நம்புவது சுலபம், ஏன்னா அதில் நம்ம மேல எந்தப் பாரமும் இல்லை.

அந்த அவசரத்தில் தவறவிட்டது

ஏமாந்த கண்ணோடு படித்ததில் சில விஷயங்கள் பார்வையில் படாமல் போயின. இதையும் சொல்லிடறேன்.

ஒன்று, ஜமைக்கா. ஃப்ளெமிங் அங்கே முதல் நாவலை எழுதியபோது அது பிரிட்டிஷ் காலனி. 1962 ஆகஸ்ட் 6-ஆம் தேதி சுதந்திரம் பெற்றது. இந்த நாவலின் முடிவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பாண்டைச் சுற்றி விசாரணை நடத்துவது ஜமைக்காவின் போலீஸ் கமிஷனர். பாண்டுக்குப் பதக்கம் கொடுப்பது அந்தப் புதிய நாட்டின் அரசு. பேரரசின் ஆளாகப் பிறந்த பாத்திரம், பேரரசு கழன்றுபோன ஒரு நாட்டில், அந்த நாட்டின் விருந்தாளியாக முடிகிறது. பாண்ட் நாவல்கள் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய விதம் இன்றும் சர்ச்சைக்கு உரியதுதான். 2023 மறுபதிப்புகளில் சில இடங்களை மாற்றவேண்டி வந்தது. அதனால்தான் இந்தச் சின்னக் காட்சி கண்ணில் படவேண்டியது.

இரண்டு, 'சர்' பட்டம். அரசு கொடுக்க முன்வருகிறது, பாண்ட் வேண்டாம் என்கிறார். பொது வாழ்க்கைக்குள் வர விருப்பமில்லை. கூடவே இருக்கும் மேரி குட்நைட்டோடு செட்டிலாகலாமா என்று யோசித்து, அதுவும் தன்னால் முடியாது, ஒரே ஜன்னல் காட்சியில் தனக்குச் சீக்கிரம் சலித்துவிடும் என்று நினைக்கிறார். மரணமும் இல்லை, கல்யாணமும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த இடத்தில் நாவல் முடிகிறது.

மூன்றாவது என்னுடைய வாசிப்பு, நீங்க ஏத்துக்க வேண்டியதில்லை. இந்த நாவலின் முதல் அத்தியாயங்களில் நடப்பது என்ன? மீன் பிடித்துக்கொண்டு, தன் பெயரே தெரியாமல் நிம்மதியாக இருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, மண்டைக்கு மின் அதிர்ச்சி கொடுத்து, பழைய ஆளாக மாற்றி, மறுபடி வேலைக்கு அனுப்புகிறார்கள். சாகக்கூடும் என்று தெரிந்தே அனுப்புகிறார்கள். 1957-லும் அதுதான் நடந்தது. விஷத்தில் விழுந்தவரை ஒரு டாக்டரின் விளக்கம் எழுப்பி உட்காரவைத்தது. ஒரு தொடர் கதையின் நாயகனுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. அதை எழுதுகிறவருக்கும் கிடையாது. ஒரு மணி நேர வேலைக்கே களைத்துப்போன மனிதர் அந்த அத்தியாயங்களை எழுதும்போது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரு கற்பனை ஓடும்.

கதவு சாத்தவே இல்லை

அதற்குப் பிறகும் முடியவில்லை. 1966-ல் ஃப்ளெமிங்கின் சிறுகதைகளைச் சேர்த்து 'ஆக்டோபஸ்ஸி அண்ட் த லிவிங் டேலைட்ஸ்' வந்தது. புத்தக அலமாரிக் கணக்கில் அதுதான் அவருடைய கடைசி பாண்ட் புத்தகம். ஆனால் அதில் இருப்பவை முன்னாடியே எழுதிய கதைகள். பிறகு ஏமிஸின் 'கர்னல் சன்'. ஃப்ளெமிங்கின் மனைவி ஆன் அதைக் கடுமையாக எதிர்த்தார். தன் கணவரின் பாத்திரத்தை இன்னொருவர் எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காக அதைத் தாக்கி ஒரு மதிப்புரையும் எழுதினார். அவர்கள் அதைப் பிரசுரிக்கவில்லை. பாண்டை எழுதுகிற கைகள் மாறிக்கொண்டே இருந்தன, இன்னும் மாறுகின்றன.

அப்ப கடைசிப் புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்ன வாசகர்கள் தப்பா? இல்லை. புத்தகத்தில் ஓட்டை இருந்தது, அவர்கள் சொன்னார்கள். இறந்தவர் எழுதியது என்பதற்காக நல்ல புத்தகம் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பூத்ராய்ட் அன்று மரியாதைக்காகச் சும்மா இருந்திருந்தால் பாண்ட் கையில் இன்னும் அந்தக் கைப்பைத் துப்பாக்கிதான் இருந்திருக்கும்.

ஆனா இந்தக் கதையில் என்னை உறுத்துகிற ஒரு இடம் இருக்கு. அது 1965 இல்லை, 1964. நடுவில் ஒரு சில மாதம், ஒரு எழுத்தாளர் தன் பிரதியை கையில் வைத்துக்கொண்டு, இது சரியில்லை, இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் நல்லா இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாசகர்கள் கேட்டிருக்க வேண்டிய புத்தகம் அந்த ஒரு வருஷம் தாமதமான புத்தகம்தான். அந்த வருஷம் அவருக்கு இல்லை என்பது யாருக்கும் தெரியாது. ஆனா வருஷத்துக்கு ஒண்ணு என்ற சக்கரத்தை நிறுத்தவும் யாருக்கும் மனசில்லை, அவருக்கும்தான்.

அடுத்த தடவை ஒரு கடைசி பாகம் சொதப்பும்போது திட்டுங்க, தாராளமா திட்டுங்க. திட்டி முடிச்சதும் "அடுத்த பார்ட் எப்ப?"ன்னு நீங்க எத்தனை தடவை கேட்டீங்கன்னும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

உங்களை ஏமாற்றிய கடைசிப் புத்தகம் எது, உங்களுக்கு மட்டும் பிடித்த கடைசிப் புத்தகம் எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.